பெற்றுக்கொண்டேன்

முதல் நாளே ரசீதில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
ஒரு ரூபாய் ஸ்டாம்பு. அதன்மேல் ஏறி இறங்கியது
என் பெயர்: கோ. அமுலு.
மேலே அச்சில்,
உதவித்தொகை ரூபாய் ......... மட்டும் பெற்றுக்கொண்டேன்.

தொகை காலி. தேதி காலி.
வினைச்சொல் மட்டும் முடிந்திருந்தது.

ரெண்டு பெத்தவள் நான்.
பெறுவதற்கு முன்பே பெற்றேன் என்று
எந்த ஆஸ்பத்திரியிலும் எழுதி வாங்கியதில்லை.
வாய்விட்டே சொன்னேன். ஷபானா மட்டும் சிரித்தாள்.
'ஆடிட்டும்மா' என்றார் தயாநிதி சார்,
மழை வருது என்பதைப் போல.

காட்பாடியில், டயர் கடைக்கு மேல்மாடியில்
அறுபது நாள் படிப்பு,
படுத்த நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று.
வந்த நாளுக்கு நூற்றைம்பது.
குடியாத்தத்தில் ஆயிரம் பீடி சுற்றினால்
இதைவிடக் கூடத்தான் வரும்.
ஆனால் பீடி
அறுபது நாளில் முடிகிற படிப்பில்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை,
கே.வி.குப்பத்தில் ஒருமுறை லத்தேரியில் ஒருமுறை
இறங்கி ஏறினால்.
ஒன்பதரைக்கு மேல் விரல் வாங்காது மெஷின்.
அதனால் காலையில் டிக்கெட், மாலையில் இலவசம்.
தினம் விடியலில் மட்டும் நான் வசதியானவள்.

அந்த வசதிக்குத் தண்டல் எடுத்தேன்.
ஆறாயிரம் என்று பேர், கையில் ஐயாயிரத்து நானூறு,
நாள் அறுபது, நூறு நாள்.
தண்டல்காரப் பையன் ஜெராக்ஸ் கேட்கவில்லை, கட்டைவிரல் கேட்கவில்லை.
வீடு எது என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனான்.

பதினேழு வருஷம் இலை மடித்து நூல் சுற்றிய விரல்
வழவழவென்று கூழாங்கல் மாதிரி.
மெஷின் சிவப்பாய் யோசிக்கும்.
ஷபானா எலுமிச்சைத் தோல் தேய்த்துவிட்டாள்,
பேர்ணாம்பட்டு வைத்தியம் என்றாள்.
சில நாள் பலித்தது.
நாலு நாள் நான் வரவே இல்லை,
வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டே.

அந்த நாலில் ஒரு நாள்தான்
புண் வராமல் உடம்பைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தார்கள்.
கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை, ஆள் உயரம்.
மாமனார் என்று பேர் வைத்தோம்.
தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை,
திருப்பும் முன் வலிக்குதா என்று கேட்கணும்.
எல்லாரும் கேட்டோம்.
நிஜ மாமனாரை ஒருத்தியும் கேட்டதில்லை
என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.
ஜெசிந்தா சிஸ்டர் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

படிப்பு முடிந்தது. சான்றிதழ் வந்தது.
நூறாம் நாள் தண்டல் அடைந்தது.
தொகை மேலே போயிருக்கிறது என்றார்கள்.
மேலே என்றால் எங்கே என்று கேட்டதற்கு
ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார்.

நூற்றைம்பத்தோராம் நாள், ராத்திரி டூட்டி.
வேலூரில் ஒரு லாட்ஜ், மூன்றாம் மாடி,
ஆபரேஷனுக்கு வந்த வங்காளத்து அம்மா.
பேத்தா, பேத்தா என்றாள்.
பேத்தியைத்தான் தேடுகிறாள் என்று
கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்தேன்.
வலிக்குது என்பது அவர்கள் மொழியில் அப்படியாம்,
மகன் வந்து சொன்னான்.
அறுபது நாளில் அந்த ஒரு வார்த்தை இல்லை.

அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தபோது
இடுப்பில் போன் அதிர்ந்தது.
எட்டாயிரத்து நானூறு வரவு.
தலையணை செருகி முடிப்பதற்குள் மறுபடி அதிர்ந்தது:
குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக
இருநூற்று முப்பத்தாறு பற்று.
இருப்பு இருந்திருந்தால்
இந்தப் படியெல்லாம் ஏறியிருப்பேனா?
பேங்குக்கு அதைச் சொல்ல
ஸ்டாம்பு ஒட்டின தாள் எதுவும் இல்லை.

விடிந்ததும் ஷபானாவைக் கூப்பிட்டேன்.
அவளுக்கு வரவில்லை.
நல்ல கட்டைவிரல் அவளுக்கு, ஒரு நாள் தவறவில்லை.
பாஸ்புக்கில் ஷபானா, பட்டியலில் சபானா.
திருத்த மனு கொடுத்திருக்கிறாளாம்.
அது மேலே போயிருக்கிறதாம்.

அவள் ரசீதும் அங்கேதான் இருக்கும்,
டயர் கடைக்கு மேல், பச்சை ஃபைலில்,
என்னுடையதற்கு அடியில்,
பெற்றுக்கொண்டேன் என்று.